உயிருள்ளவற்றுக்குக் கட்டமில்லை

மாதத்துக்கு ஒருமுறை, நீர் வற்றும் நேரம் பார்த்து
ஓரிகன் கரையில் இரண்டு மைல் நடந்து
செத்த பறவைகளை எண்ணுகிறோம்,
நானும் ஐலா கெஸ்கினெனும்.
கூலி கிடையாது.
ஓர் அளவுகோல், பை நிறைய வண்ண நாடா, பென்சில்.
மழையில் பேனா அழும் என்று
முதல் நாளே சொல்லிவிட்டாள் ஐலா.
டூனா ஆலையில் முப்பது வருடம் கத்தி பிடித்தவள்,
எந்த நாற்றத்துக்கும் மூக்கைச் சுளிக்காதவள்.

இறக்கையை விரி.
மணிக்கட்டிலிருந்து நுனிவரை அள.
விரல்களுக்கிடையே சவ்வு உண்டா, பார்.
எழுது. நாடா கட்டு. கிடந்த இடத்திலேயே விடு.
அடுத்த மாதமும் அதே பறவை கிடந்தால்
இரண்டாம் முறை சாகக் கூடாதல்லவா,
கணக்கில்.

ஜூலை ஞாயிறு.
பத்து மணிக்கு மேல்தான் மூடுபனி
ஸ்ப்ரூஸ் மரங்களை விட்டு இறங்கிப் போனது.
வானத்தில் கணவாய் வடிவத்தில் ஒரு பட்டம்,
எட்டுக் கையாலும் காற்றைப் பிறாண்டியபடி.
ரப்பர் உடுப்பை இடுப்புவரை உரித்துவிட்டு
சூப் குடிக்கும் அலைச்சறுக்குப் பையன்கள்.
கெல்ப் தண்டு ஒன்றைக் கவ்வி இழுத்து வருகிறது நாய்,
பாம்பைப் பிடித்த பெருமிதத்தில்.

கரைக்கு எதிரே அந்தப் பாறை.
வரைபடத்தில் அதற்கு ஏதோ தளபதியின் பெயர்.
ஐலாவுக்கு அது கடைவாய்ப்பல்.
எச்சத்தால் வெளுத்த அதன் தலையில்
மர் பறவைகள் பத்தாயிரம்,
கறுப்புக் கோட்டும் வெள்ளைச் சட்டையுமாக
நெரிசல் பேருந்தில் நிற்பதுபோல்,
எல்லாம் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு.
வெண்தலைக் கழுகு ஒரு சுற்று சுற்றினால் போதும்,
பாறையின் ஒரு பக்கம் அப்படியே கழன்று
கடலில் கொட்டும்.

ஆறாவது பறவைக்கு நாடா கட்டும்போது
ஒரு மனிதன் ஓடி வந்தான்.
ட்ரெண்ட் விட்டேக்கர். ஐடஹோ. கூரை வேயும் தொழில்.
மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னான்.
கவிழ்த்துப் பிடித்த தொப்பிக்குள்
கைப்பிடியளவு பஞ்சு, இரண்டு கண்கள்.
"அனாதை. மூன்று எண்களுக்குப் போன் போட்டேன்.
ஒருவரும் எடுக்கவில்லை."

ஐலா பதில் சொல்லவில்லை. கடலைப் பார்த்தாள்.
நாங்களும் பார்த்தோம்.

அலை உடையும் கோட்டுக்கு அப்பால்
கரகரத்த ஒரு குரல்,
துருப்பிடித்த கதவைத் திறந்து திறந்து மூடுவதுபோல்.
தொப்பிக்குள்ளிருந்து மெல்லிய பதில்.
மறுபடி கதவு.
மறுபடி தொப்பி.

பறக்கத் தெரியுமுன்பே பாறையிலிருந்து குதித்துவிடும் இவை.
கீழே அப்பன் காத்திருப்பான்.
அம்மாக்காரி பாறையிலேயே தங்கிவிடுவாள்.
இனி இரண்டு மாதம் நீந்தக் கற்பதும் மீன் தின்பதும்
அப்பனோடுதான்.
இதையெல்லாம் நான் சொல்லி முடிப்பதற்குள்
ட்ரெண்ட் தண்ணீரில் முழங்காலளவில் நின்றான்.

ஜூலையிலும் எலும்பைக் கடிக்கும் தண்ணீர் அது.
இடுப்பு. மார்பு.
ஓர் அலை அவனை முழுசாக விழுங்கித் துப்பியது,
தொப்பி மட்டும் மேலே,
காணிக்கைத் தட்டைத் தூக்கிப் பிடித்தவன்போல்.
அடுத்த அலைக்கு முன் கவிழ்த்தான்.

குஞ்சைக் காணோம்.
காணோம்.
பிறகு இரண்டு தலைகள், ஒன்று பெரியது,
மேற்கே, ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல்.

கரையேறியவனுக்குப் பல் தந்தியடித்தது.
சூப் குடித்த பையன் ஒருவன் தெர்மாஸை நீட்டினான்.
நான் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
இனம், அலகு, சிறகு, கால், எண்ணெய் பட்டதா, நூல் சுற்றியதா.
உயிருள்ளவற்றுக்குக் கட்டமில்லை.
ஓரத்தில் எழுதினேன்:
நனைந்த ஜீன்ஸ், ஒன்று.
ஐலா அதை ரப்பரால் அழித்தாள்.
முழுசாக அழிக்கவில்லை.

ஆகஸ்டில், வடக்கு முனையில்,
சிறகு முளைக்காத மர் ஒன்று கிடைத்தது.
அளந்தேன். மஞ்சள் நாடா.
குஞ்சு என்று எழுதினேன்.
எந்தக் குஞ்சு என்று கேட்க
அந்தப் படிவத்தில் கட்டமில்லை.
நல்லவேளை.